எல்.வி.எம்.3 ஒருமுறைகூடத் தோற்றதில்லை. பிறகு ஏன் ககன்யானில் இன்னும் ஆள் ஏறவில்லை?

மேலக்காற்று | 4-11-2025

ஞாயிற்றுக்கிழமை எல்.வி.எம்.3 மறுபடியும் சுத்தமாக ஏறியது. எட்டுக்கு எட்டு. சந்திரயான்-2, சந்திரயான்-3 இரண்டையும் கொண்டுபோன ராக்கெட் இதுதான். 2018 சுதந்திர தின உரையில் 2022க்குள் இந்தியர் ஒருவர் நம் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போவார் என்றார்கள், அதுதான் ககன்யான். இப்போது 2027 என்கிறார்கள். 9,023 கோடியாக இருந்த திட்டச் செலவு 20,193 கோடி ஆகிவிட்டது. ராக்கெட் இருக்கிறது, ரஷ்யாவில் பயிற்சி முடித்த நான்கு பேரும் இருக்கிறார்கள். இன்னும் எதற்குக் காத்திருக்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எரிகலன் | 4-11-2025

முதலில் அந்த எட்டுக்கு எட்டு. எட்டு முறை ஏவி எட்டும் வென்றால், தோல்வி விகிதம் 31 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும்தான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். உண்மையான விகிதம் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் எட்டு ஏவுதலை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

எட்டு என்பதே தாராளக் கணக்கு. 2014 டிசம்பர் 18 அன்று போன முதல் எல்.வி.எம்.3இல் உச்சியில் உள்ள கிரையோஜெனிக் அடுக்கு (கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் எரிவது) வெறும் டம்மி, எஞ்சின் எரியவே இல்லை. மேல் அடுக்கைப் பொறுத்தவரை ஏழுக்கு ஏழு, அதாவது 35 சதவீதம். ஏவி ஏவி நம்பகத்தன்மையைக் காட்டுவதென்றால் நம் பேரன் காலத்தில்தான் ஆள் ஏறுவார்.

அதனால்தான் இந்த நிரூபணம் தரையில் நடக்கிறது. மகேந்திரகிரிச் சோதனைத் தளத்தில் அந்தக் கிரையோ அடுக்கின் சி.இ.-20 எஞ்சினை மனிதப் பயணத்துக்குத் தகுதியாக்க நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 நொடி எரித்தார்கள். விதிப்படி தேவைப்பட்டது 6,350 நொடி. கடைசிச் சோதனை 2024 பிப்ரவரி 13இல் முடிந்தது. பறக்கும்போது இந்த எஞ்சின் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் எரியும். 2022 ஜனவரியில் ஒரே மூச்சில் 720 நொடி எரித்துப் பார்த்தாயிற்று. ஆக, ராக்கெட் பற்றிய உங்கள் கருத்து பெரும்பாலும் சரி. தாமதம் ராக்கெட்டில் இல்லை.

எரிகலன் | 5-11-2025

கோடிக்கணக்கை விட்டுவிட்டேன். இரண்டு தொகையும் ஒரே வேலைக்கானவை அல்ல. 2024 செப்டம்பரில் அமைச்சரவை கூடுதலாகக் கொடுத்த 11,170 கோடியில், பாரதிய அந்தரிக்ஷ் நிலையம் என்ற நம் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் கூடுதல் ஏவுதல்களும் அடங்கும். 2028 டிசம்பர் வரை மொத்தம் எட்டுப் பயணங்கள். "செலவு இரட்டிப்பானது" என்று தலைப்புப் போட்ட நாளிதழ்கள் இதை ஐந்தாவது பத்தியில் வைத்திருந்தன.

குலசைக்காரன் | 6-11-2025

எரிகலன் அண்ணே, ராக்கெட்டில் தாமதம் இல்லை என்றால் வேறு எதில்? சும்மா, ஆபத்தில் கலத்தை இழுத்துக்கொண்டு போகும் தப்பிக்கும் கோபுரம் ஒன்றை மேலே செருகினால் முடிந்ததுதானே?

எரிகலன் | 6-11-2025

தம்பி, அந்தக் கோபுரத்தை ஏன் இவ்வளவு முரட்டுத்தனமாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்.வி.எம்.3 தரையிலிருந்து கிளம்புவது இரண்டு எஸ்200 திட எரிபொருள் பூஸ்டர்களால். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் எரிபொருள். நடுவில் இருக்கும் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் ஏறத்தாழ 110 நொடி கழித்து வானத்தில்தான் பற்றும். விகாஸை வால்வு மூடி நிறுத்தலாம். எஸ்200ஐப் பற்றவைத்தபின் யாராலும் நிறுத்த முடியாது. 2022 மே 13 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இதன் மனிதப் பயண வடிவமான எச்.எஸ்.200ஐச் சோதித்தபோது 203 டன்னும் 135 நொடி எரிந்தே தீர்ந்தது.

ஆக, முதல் இரண்டு நிமிடத்தில் ஏதாவது கெட்டால், வீரர்களின் கலம் ஓடுவது நின்றுபோன ராக்கெட்டை விட்டு அல்ல, பின்னாலேயே தள்ளிக்கொண்டு வரும் ராக்கெட்டை விட்டு. அதைவிட வேகமாக விலக வேண்டும். தாழ்வான உயரத்தில் இழுத்துப்போகும் மோட்டாரின் உச்ச உந்துவிசை 842 கிலோநியூட்டன், எரிவது 6 நொடிக்குச் சற்றுக் குறைவு. 2018 ஜூலை 5 அன்று நடந்த தப்பிக்கும் அமைப்பின் ஏவுதளச் சோதனையில் தூக்கப்பட்ட மொத்த எடை 12.6 டன். அந்த எடையை இந்த விசைக்கு வைத்துக் கணக்குப் போட்டால், உள்ளே இருப்பவர் தன் எடையைப் போல் ஏறத்தாழ 6.8 மடங்கை உணர்வார். மல்லாந்து படுத்த நிலையில் தாங்கலாம். உட்கார்ந்த நிலையில் தலையில் ரத்தம் நிற்காது. இருக்கைகள் சாய்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் மொத்தம் ஐந்து வகைத் திட மோட்டார்கள். தாழ் உயரத்துக்கு ஒன்று, மேல் உயரத்துக்கு ஒன்று, பக்கவாட்டில் திருப்ப இரண்டு வகை, வேலை முடிந்ததும் கோபுரத்தையே கழற்றி எறிய ஒன்று. தாழ் உயர மோட்டாரின் நான்கு முனைகளும் மேலே இருந்தபடி பின்னோக்கிப் பீய்ச்சும். இல்லாவிட்டால் காப்பாற்ற வந்த நெருப்பே கலத்தைச் சுட்டுவிடும்.

மேலே போனால் மட்டும் போதாது, கடல் பக்கமும் போக வேண்டும். எஸ்200 வெடித்துச் சிதறினால் எரியும் துண்டுகள் வானத்தில் மிதந்து விழும். அந்த வெப்பத்துக்குள் பாராசூட் விரிந்தால் நைலான் உருகும். திருப்பும் மோட்டார்கள் இருப்பது இதற்காகத்தான். கடற்காற்று கரையை நோக்கி வீசும் நேரத்தில் ஏவலாமா என்பதும் இதையொட்டிய கேள்வி. ராக்கெட் பறக்கத் தகுந்த வானிலையிலும் வீரர் தப்பிக்கத் தகுந்த வானிலை இல்லாமல் போகலாம்.

குலசைக்காரன் | 6-11-2025

சரி, இழுக்கச் சொல்லி உத்தரவு யார் கொடுப்பது? உள்ளே இருப்பவரா?

எரிகலன் | 7-11-2025

பெரும்பாலும் கணினிதான். மனிதன் யோசித்துப் பொத்தானை அமுக்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். எல்லை எங்கே என்பதுதான் தலைவலி. ராக்கெட் எத்தனை பாகை சாய்ந்தால், எஞ்சின் அழுத்தம் எவ்வளவு இறங்கினால் "தப்பி" என்று சொல்வது? எல்லையை இறுக்கினால் ஒரு சென்சார் பொய் சொன்னதற்காக நல்ல ராக்கெட்டிலிருந்து மூவரையும் பிய்த்து எறிவோம். தளர்த்தினால் நேரம் தாண்டிவிடும்.

சாதாரண ராக்கெட்டில் வழிகாட்டிக் கணினி இரண்டு போதும். ஆனால் இரண்டும் வேறுவேறு சொன்னால் எது பொய் என்று தெரியாது. மனிதப் பயண வடிவத்தில் நான்கு. ஒன்று கெட்டாலும் மிச்ச மூன்றில் பெரும்பான்மை கேட்கலாம்.

கணினியை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. 1983 செப்டம்பர் 26இல் பைக்கனூரில் சோவியத்தின் சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தது. தீயில் வயர்கள் எரிந்துவிட்டதால் உள்ளே இருந்த வீரர்கள் தீத்தோவும் ஸ்த்ரெக்கலோவும் எதுவும் செய்ய முடியவில்லை. தரையில் இருந்தவர்கள் ரேடியோவில் கட்டளை அனுப்பித்தான் கோபுரம் இழுத்தது. சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது. 2018 அக்டோபர் 11இல் சோயுஸ் எம்.எஸ்.-10: பூஸ்டர் கழலும் இடத்தில் ஒரு சென்சார் கம்பி வளைந்திருந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கோபுரம் கழன்று போயிருந்தது. மூக்குக்கூம்பில் இருந்த மோட்டார்கள் இழுத்தன, இருவரும் பிழைத்தார்கள். கோபுரம் போனபிறகும் வழி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ககன்யானில் கோபுரம் கழன்றபின் வீரர்களின் கலத்துக்கு அடியில் இணைந்த சர்வீஸ் மாட்யூல் பகுதியின் எஞ்சின்கள்தான் கதி. 440 நியூட்டன் எஞ்சின் ஐந்து, 100 நியூட்டன் த்ரஸ்டர் பதினாறு. ஐந்தும் சேர்ந்தே 2,200 நியூட்டன்தான். அந்த உயரத்தில் காற்றில்லை, எஸ்200ம் இல்லை, கீழே இருப்பது நிறுத்தக்கூடிய எஞ்சின். அதனால் மெதுவாக விலகினாலும் பரவாயில்லை. இந்த அமைப்பை ஜூலை 11 அன்று மகேந்திரகிரியில் 350 நொடி முழுமையாக எரித்துப் பார்த்தார்கள்.

எரிகலன் | 12-11-2025

நேற்று இஸ்ரோ ஒரு செய்தி போட்டிருக்கிறது. மேலக்காற்று கேட்ட "என்ன காத்திருப்பு" என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை. நவம்பர் 3 அன்று ஜான்சி பக்கம் பபினா துப்பாக்கிச் சுடும் தளத்தில் பாராசூட் சோதனை. ஐ.எல்.-76 விமானத்திலிருந்து கலத்தின் எடையுள்ள கட்டையை 2.5 கி.மீ. உயரத்தில் தள்ளிவிட்டு, இரண்டு பெரிய பாராசூட்டும் வேண்டுமென்றே முன்பின்னாக விரியும்படி செய்திருக்கிறார்கள்.

மொத்தம் பத்து பாராசூட். முதலில் 2.5 மீட்டர் விட்டத்தில் இரண்டு, மேல்மூடியைப் பிய்த்துக்கொண்டு போகும். அடுத்து 5.8 மீட்டர் ட்ரோக் இரண்டு, கலம் தலைகுப்புற ஆடுவதை நிறுத்தி வேகத்தைக் குறைக்கும். பிறகு 3.4 மீட்டர் பைலட் மூன்று. அவை ஒவ்வொன்றும் ஒரு பெரிய பாராசூட்டை உருவும். பெரியது 25 மீட்டர் விட்டம், மூன்று. ஆக்ராவில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் (பாதுகாப்பு ஆய்வு அமைப்பு) ஏ.டி.ஆர்.டி.இ. ஆய்வகம் செய்வது.

மூன்றில் இரண்டு விரிந்தாலே போதும் என்பது வடிவமைப்பு. எவ்வளவு போதும்? 5 டன் கலம், இழுவைக் கெழு 0.75 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று விரிந்தால் நொடிக்கு 8.6 மீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடும். இரண்டு விரிந்தால் 10.5 மீட்டர். வேகம் கொஞ்சம்தான் கூடியதாகத் தெரியும், ஆனால் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்கு. இருக்கைக்குக் கீழே நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும் பாகம் இந்த ஒன்றரைக்குத்தான் கணக்கிடப்பட வேண்டும்.

25 மீட்டர் துணி ஒரே அடியில் விரிந்தால் கிழியும், அல்லது கயிறு அறும். அதனால் வாயைச் சுருக்குப்பை போல ஒரு கயிற்றால் கட்டி, பாதி விரிந்த நிலையில் சில நொடி வைத்திருப்பார்கள். இதுதான் ரீஃபிங். பிறகு சிறு வெடிமருந்து வைத்த கத்தி அந்தக் கயிற்றை வெட்டும். இரண்டு பாராசூட்டின் கத்தியும் ஒரே நேரத்தில் வெட்டாவிட்டால், முதலில் விரிந்தது மொத்தச் சுமையையும் தனியாக வாங்கும். ஒன்று விரியாமல் போய், மிச்ச இரண்டும் முன்பின்னாக விரிவதுதான் மிக மோசமான நிலை. நவம்பர் 3இல் பார்த்தது அதைத்தான்.

இந்த வரிசைச் சோதனை 2022 நவம்பர் 18 முதல் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கோளாறைத் தாங்களே உண்டாக்கிப் பார்க்கிறார்கள். நேரம் போவது இதில்தான்.

பாதி இட்லி | 12-11-2025

பாராசூட் எல்லாம் சரி. 2023இல் விழுந்த கலம் கடலில் தலைகீழாகக் கிடந்ததே, அதையும் "சிறப்பு ஏற்பாடு" என்று சொல்வீர்களா?

எரிகலன் | 13-11-2025

நல்லாக் கிண்டல் பண்ணுங்கள். 2023 அக்டோபர் 21, டி.வி.-டி1 என்ற, தப்பிக்கும் அமைப்பின் ஆளில்லாச் சோதனைப் பறப்பு. அன்று காலையில் ஐந்து நொடி இருக்கும்போது கணினி தானாக நிறுத்தி, பத்து மணிக்குத்தான் கிளம்பியது. 12 கி.மீ. அருகே ஒலியைவிட 1.2 மடங்கு வேகத்தில் கலத்தைப் பிய்த்து, 17 கி.மீ. வரை கொண்டுபோய், கரையிலிருந்து 10 கி.மீ. தொலைவில் இறக்கினார்கள். தப்பிக்கும் அமைப்புக்கு முழு மதிப்பெண். கலம் தலைகுப்புற மிதந்தது.

கூம்பு வடிவக் கலத்துக்குத் தண்ணீரில் நிலையாக மிதக்க இரண்டு வழி உண்டு: நேராக ஒன்று, கவிழ்ந்து ஒன்று. அப்பல்லோ 11 கூடக் கவிழ்ந்துதான் விழுந்தது. பலூன்கள் ஊதி அதை நிமிர்த்தின. டி.வி.-டி1இல் நிமிர்த்தும் பலூன் வைக்கப்படவில்லை, கலத்துக்குள் காற்றழுத்தமும் இல்லை. ஆள் போகும் கலத்தில் பலூன் கட்டாயம். கவிழ்ந்தால் ஆன்டெனாவும் காற்று வரும் வழியும் தண்ணீருக்குள் போகும். மூன்று நாள் எடையின்றி இருந்துவிட்டு வந்தவர்கள் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார்கள், வாந்தி நிச்சயம்.

கவிழ்வதற்கு அலையோடு பாராசூட்டும் காரணம். தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை வெட்டாவிட்டால், காற்றடித்த துணி பாய்மரமாகிக் கலத்தை இழுத்துப் புரட்டும். வெட்டுவது சீக்கிரம் நடந்தால் வானத்திலேயே அறுந்துவிடும். தண்ணீரைத் தொட்டதைச் சந்தேகமில்லாமல் அறியும் சென்சார் வேண்டும்.

எரிகலன் | 19-11-2025

பெரிதாகப் பேசப்படாத ஒன்று, காற்று. ஒருவர் நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுவார். மூவர், மூன்று நாள்: ஒன்பது கிலோ. லித்தியம் ஹைட்ராக்சைடு குப்பி வைத்து உறிஞ்சினால், வேதிக் கணக்குப்படி ஒரு கிலோவுக்கு 1.09 கிலோ குப்பி வேண்டும். அதாவது குறைந்தது பத்து கிலோ. உள்ளே இருக்கும் தூள் முழுவதும் வேலை செய்யாது, திரும்புவது ஒரு நாள் தள்ளிப்போகலாம், ஒரு குப்பி கெடலாம். எனவே அதற்கு மேல். இந்த வினையில் வெப்பமும் நீராவியும் வெளிவரும். அதைத் தனியே அகற்ற வேண்டும். தூள் கசிந்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

எடையின்மையில் சூடான காற்று மேலே போகாது. தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். விசிறி நின்றால், கலத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே தலைவலியோடு எழுவார். எனவே விசிறியும் உயிர்காக்கும் கருவிதான், ஒன்றுக்கு இரண்டாக வேண்டும்.

இதை வெளிநாட்டிலிருந்து வாங்கத்தான் முதலில் பார்த்தார்கள், யாரும் தரவில்லை. நாமே செய்வதைத் தவிர வழியில்லை என்று அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் 2023 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். என் கணிப்பில் ஆண்டுகளை அதிகம் தின்றது இதுதான்.

பாதி இட்லி | 19-11-2025

மூச்சு சரி, சாப்பாடு? இட்லி உண்டா?

எரிகலன் | 20-11-2025

மைசூருவில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் உணவு ஆய்வகமான டி.எஃப்.ஆர்.எல். உணவை வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறது. இட்லி போகலாம், இட்லிப்பொடி மட்டும் கூடாது. தூள் மிதந்து விசிறி வடிகட்டியில் அடைக்கும், கண்ணிலும் போகும். நல்லெண்ணெயில் குழைத்துக் கொண்டுபோனால் யோசிக்கலாம். ஜூன் கடைசியில் சர்வதேச நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் எடுத்துப்போனார். ஒட்டிக்கொள்ளும் பண்டம், உதிராது. தேர்வு சரி.

மேலக்காற்று | 2-12-2025

சீனா இதையெல்லாம் சட்டென்று முடித்துவிட்டதே?

எரிகலன் | 2-12-2025

1992இல் ஒப்புதல், 2003 அக்டோபர் 15இல் அவர்களின் முதல் வீரர் யாங் லிவெய். பதினோரு ஆண்டு. நடுவில் ஆளில்லாமல் நான்கு ஷென்சூ கலங்கள். நாம் 2018இல் தொடங்கி 2027 என்றால் ஒன்பது ஆண்டு. ஆளில்லாமல் மூன்று.

அந்த நான்குக்குப் பிறகும் ஒரு விஷயம் அவர்களுக்குத் தப்பியது. யாங் ஏறும்போது 30-40 கி.மீ. உயரத்தில் நொடிக்கு எட்டு அதிர்வு என்ற கணக்கில் ராக்கெட் உலுக்கியது. 26 நொடி. தான் செத்துவிடுவோம் என்று நினைத்ததாக அவரே பின்னர் சொன்னார். செயற்கைக்கோள் அந்த அதிர்வைப் பொறுத்துக்கொள்ளும், மனித உள்ளுறுப்புகள் அந்த அதிர்வெண்ணுக்கு ஒத்து ஆடும். எரிபொருள் குழாயில் ஏற்படும் அழுத்த ஏற்ற இறக்கமும் ராக்கெட் உடலின் அதிர்வும் கைகோத்துக்கொண்டால் இப்படி ஆகும். குழாயில் வாயு அறை வைத்து அடக்குவார்கள். ககன்யானின் முதல் ஆளில்லாப் பயணமான ஜி1இல் வியோமித்ரா என்ற மனித உருவ ரோபோ உட்காரப்போவது அழகுக்கு அல்ல, இருக்கையில் இந்த எண்களை எடுப்பதும் அதன் வேலை.

எரிகலன் | 20-12-2025

18, 19 தேதிகளில் சண்டிகரில் ட்ரோக் பாராசூட் சோதனை, ராக்கெட் வண்டியைத் தண்டவாளத்தில் ஓட்டி. நவம்பர் 12இல் எழுதிய வரிசையில் அதுதான் இரண்டாவது படி. பெரியதை விமானத்தில் சோதிக்கலாம். ட்ரோக்குக்கு வேகம் அதிகம் வேண்டும், அதனால் தண்டவாளம்.

எரிகலன் | 25-12-2025

நேற்று எல்.வி.எம்.3 6,100 கிலோ செயற்கைக்கோளைத் தாழ் சுற்றுப்பாதையில் விட்டது. மேலக்காற்றின் கணக்கு ஒன்பதுக்கு ஒன்பது. 31 சதவீதம் 28 ஆனது. கிரையோ எட்டுக்கு எட்டு, 31. ககன்யான் கலம் இதைவிடக் கனம், எட்டு டன் அளவு.

ஜி1 போனபின் எதைப் பார்ப்பது என்று குலசைக்காரன் தனியாகக் கேட்டிருந்தார். நான் முதலில் பார்ப்பது வெப்பக் கவசத்தை. 2007 ஜனவரியில் எஸ்.ஆர்.இ.-1 என்ற நம் சோதனைக் கலம் சுற்றுப்பாதையிலிருந்தே திரும்பியது. வேகம் முழுதும் உண்டு, ஆனால் எடை 550 கிலோ. 2014இல் முதல் எல்.வி.எம்.3இல் போன கேர் என்ற சோதனைக் கலம் 3,775 கிலோ, அளவு சரி, ஆனால் 126 கி.மீ. வரை போய் விழுந்ததால் உள்நுழைந்தது நொடிக்கு 5.3 கி.மீ. வேகத்தில். சுற்றுப்பாதை வேகம் 7.8. ஒவ்வொரு கிலோவுக்கும் ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். முழு எடை, முழு வேகம் இரண்டும் சேர்ந்து நம் கவசம் ஒன்று இதுவரை திரும்பி வந்ததில்லை. கருகிய ஆழம் கணக்கிட்டதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வெட்டிப் பார்த்தபின்தான் அடுத்த கலத்தின் கவசத் தடிமன் உறுதியாகும்.

அடுத்து, மூன்று பெரிய பாராசூட்டின் ரீஃபிங் வெட்டிய நேர வித்தியாசம். அடுத்து, கடலில் எந்தப் பக்கம் மேலே இருந்தது, பலூன் ஊதியதா, எத்தனை நிமிடத்தில் கடற்படை தொட்டது. போன ஆண்டு டிசம்பர் 6இல் விசாகப்பட்டினம் அருகே, கப்பலின் பின்பகுதியைத் தண்ணீர் புகவிட்டுக் கலத்தை உள்ளே இழுத்துப் பார்த்தார்கள். வீரர்கள் உள்ளே உட்கார்ந்தபடியே கப்பலுக்குள் வந்துவிடலாம், அலையில் கதவைத் திறக்க வேண்டாம். அது அமைதியான கடலில். ஜி1 விழும் நாளில் கடல் எப்படி இருக்கிறதோ.